எரிபொருள் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘ஃபியூல்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த மூன்று இடங்களிலும் ‘எரிப்பொருள்’ என்றே எழுதினாள். முதலாவது காரைப் பற்றியது, இரண்டாவது அணு உலையைப் பற்றியது, மூன்றாவது ‘வதந்தி மக்களின் கோபத்துக்கு எரிப்பொருள் ஊட்டியது’ என்ற வாக்கியம். ஆசிரியர் முதல் இரண்டிலும் ‘ப்’பை நீக்கிவிட்டு, மூன்றாவதை முழுவதும் அடித்துவிட்டார். எரியாத யுரேனியம் மட்டும் எப்படி எரிபொருள் ஆகும் என்று மகள் கேட்கிறாள். ‘எரிசக்தி’ என்று எழுதினால் எல்லா இடத்துக்கும் பொருந்துமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஆசிரியர் மூன்று இடங்களிலும் சரியாகவே திருத்தியிருக்கிறார். ‘எரிபொருள்’ வினைத்தொகை. எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என மூன்று காலமும் அதனுள் மறைந்து நிற்பதால், ஊறுகாய், சுடுகாடு ஆகியவற்றைப் போலவே அதிலும் வல்லினம் மிகாது. நம் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

யுரேனியத்தைப் பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விறகும் பெட்ரோலும் காற்றிலுள்ள உயிர்வாயுவோடு சேர்ந்து எரிகின்றன. அணு உலையிலோ யுரேனியத்தின் அணுக்கரு பிளந்து வெப்பம் தருகிறது, அங்கே தீயும் இல்லை, உயிர்வாயுவுக்கு வேலையும் இல்லை. ஆயினும் வெப்பத்துக்காக உள்ளே வைக்கப்பட்டு, பயன்படப் பயன்படத் தீர்ந்துபோகும் பொருள் என்ற அளவில் அது விறகை ஒத்திருப்பதால், பழைய பெயரையே அதற்கும் நீட்டித்துக்கொண்டோம். ஆங்கிலத்திலும் நடந்தது இதுதான். ‘ஃபியூல்’ என்ற சொல், அடுப்பைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரு மொழிகளும் அடுப்படிச் சொல்லைத்தான் அணு உலைவரை எடுத்துச் சென்றிருக்கின்றன. ஆகவே ‘அணு எரிபொருள்’ என்று உங்கள் மகள் தயங்காமல் எழுதலாம்.

‘எரிசக்தி’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எரிபொருள் என்பது கொள்கலனில் நிரப்பக்கூடிய, எடைபோட்டு விற்கக்கூடிய பொருள்; எரிசக்தி அதிலிருந்து நாம் பெறும் ஆற்றல். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயு எரிபொருள். அதைக் கொண்டு உண்டாக்கிய மின்சாரத்தை எரிபொருள் என்று சொல்ல மாட்டோம். 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியத் தகடுகளோ எந்த எரிபொருளும் இல்லாமலே மின்சாரம் தருகின்றன. எதுவும் எரியாத அந்த இடத்திலும் ‘எரிசக்தி’ என்ற சொல் வழங்குகிறது என்பது உண்மை. அங்கே ‘சூரிய ஆற்றல்’ என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. காருக்கு ‘எண்ணெய் போட்டுவிட்டு வருகிறேன்’ என்று வீட்டில் நாம் சொல்வதிலும் பிழை ஏதும் இல்லை, கட்டுரைக்கு மட்டும் ‘எரிபொருள் நிரப்பினார்’ என்று எழுதினால் போதும்.

இனி, அடிக்கப்பட்ட வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தமிழில் எரிபொருள் பெயர் மட்டுமே; அதை வினையாக்கப் பக்கத்தில் ‘ஊட்டு’ என்று சேர்த்தால், குழந்தைக்குச் சோறு ஊட்டும் சொல்லும் பெட்ரோல் நிலையச் சொல்லும் ஒட்டாமல் நிற்கின்றன. கோபத்தைப் பெருக்குவதற்குத் தமிழ் எந்த மொழியிடமும் கையேந்த வேண்டியதில்லை. மூட்டுதல், கிளறுதல், தூண்டுதல் என எத்தனை வினைகள் நம்மிடம் இருக்கின்றன! இவற்றுள் ‘தூண்டு’ விளக்கோடு நெருங்கிப் பழகிய சொல். அகல்விளக்கின் சுடர் மங்கும்போது திரியை முன்னே தள்ளுவதைத் தூண்டுதல் என்கிறோம், அதற்கு உதவும் சிறு கோல் தூண்டுகோல். எண்ணெய் அகலில் முன்பே இருக்கிறது, தூண்டுகோல் சுடரை மட்டும் எழுப்புகிறது. மனத்தில் ஏற்கெனவே கிடந்த கோபத்தை வதந்தி எழுப்புவதும் அப்படித்தான். ஆங்கிலச் சொல் அடுப்பிலிருந்து வந்தது என்றால், நம் சொல் விளக்கோடு பழகியது. தேடுவதற்கு முன்பே கைக்கெட்டும் இடத்தில் அது இருந்திருக்கிறது என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

எனவே ‘வதந்தி மக்களின் கோபத்தைத் தூண்டிவிட்டது’ என்று அவள் எழுதலாம். முன்பே சண்டை நடந்துகொண்டிருந்த இடத்தில் வதந்தி வந்து சேர்ந்தது என்று மூல வாக்கியம் சொன்னால், ‘எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று’ என்பது இன்னும் நெருக்கமாக அமையும். பொருளியல் செய்திகளில் முதலீடு வளர்ச்சிக்கு எரிபொருளாக அமைந்தது என்று வருவதையும் ‘முதலீட்டால் வளர்ச்சி விரைவடைந்தது’ என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உணவை உடலின் எரிபொருள் என்று சொல்வதை மட்டும் நான் அடிக்க மாட்டேன். பசியை வயிற்றுத் தீ என்று சங்கப் பாடலிலேயே சொன்ன மொழி இது. அந்தத் தீக்கு இடும் சோற்றை எரிபொருள் என்பதில் தமிழுக்கு அந்நியமாக எதுவும் இல்லை.