9 வோல்ட் பேட்டரி மாறிப் பட்டு ஐ.சி. போனதற்கு

நண்பரே, கிடார் பிரீஆம்பில் (கிடாரின் சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்டில்) பேட்டரி கிளிப் ஒரு நொடி பிளஸ், மைனஸ் மாறிப் பட்டதில் டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐ.சி. போய்விட்டது, இனிமேல் பாதுகாப்புக்கு பிளஸ் கம்பியில் வரிசையாக 1என்4007 டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போட்டால் 0.7 வோல்ட் வீணாகுமே என்று கேட்டிருந்தீர்கள். நானும் இப்படி ஒரு ஐ.சி.யை இழந்திருக்கிறேன். மேலே விரல் வைத்தபோது சுட்டது, அவ்வளவுதான்.

உங்கள் சர்க்யூட்டுக்கு 1என்5817 ஷாட்கி டையோடே (குறைந்த வோல்ட் தின்னும் வகை) போதும். டிஎல்072 இழுப்பது சுமார் 3 மில்லிஆம்பியர்தான். அந்தக் கரண்டில் இந்த டையோடு தின்பது ஏறக்குறைய 0.2 வோல்ட். காதுக்குத் தெரியவே தெரியாது. கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம் இருக்கட்டும்.

அந்த 0.2 வோல்ட்டும் போகக் கூடாது என்றால் பி-சேனல் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் மூன்று கால் டிரான்சிஸ்டர்) போடலாம். அதன் கால்களில் டிரெயினை பேட்டரி பிளஸ்ஸுக்கும், சோர்ஸை சர்க்யூட் பிளஸ்ஸுக்கும், கேட்டை 100 கிலோஓம் வழியாக மைனஸுக்கும் கொடுங்கள். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. சோர்ஸை பேட்டரி பக்கம் வைத்தால், பேட்டரி மாறும்போது மாஸ்ஃபெட்டின் உள்ளே இருக்கிற டையோடு வழிவிட்டுவிடும்.

பிளஸ், மைனஸ் குறுக்கே டையோடு போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சின்ன பேட்டரியில் சமாளிக்கும். நாளைக்கு அடாப்டரை மாற்றி மாட்டினால் டையோடே கருகும்.

அப்புறம், புது ஐ.சி. போடும் முன் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுங்கள். வெளியே உப்பாவிட்டாலும் உள்ளே கசியத் தொடங்கியிருக்கலாம்.