வெள்ளி கிருமியக் கொல்லும் சரிங்க, துணில வெள்ளி எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கின வெள்ளி பத்தித்தானுங்க. கோயமுத்தூர்ல ஒரு லேப்ல அணு, மூலக்கூறோட எடையப் பாக்கற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷின் பக்கத்துலயே பல வருஷமா உக்காந்து வேலை பாக்கறவன் நான், அதனால எனக்குக் கண்ணால பாத்துத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனில குவாலிட்டி பாக்கறேனுங்க. கெமிக்கல் விக்கறவர் ஒருத்தர் நானோ சில்வர் ஃபினிஷ் போட்டா 50 சலவைக்கு நிக்கும், 99.9 சதவீதம் கிருமி செத்துரும்னு சொல்லி ஒரு ரிப்போர்ட்டும் குடுத்திருக்காரு. பையரும் கேக்கறாங்க. நம்பி ஆர்டர் எடுக்கலாமுங்களா? – வாசகர், பி.என். ரோடு, திருப்பூர்

அண்ணா, மொதல்ல அந்த ரிப்போர்ட்ல ரெண்டு எடத்தப் பாருங்க. ஏ.ஏ.டி.சி.சி. 100, இல்லீனா ஐ.எஸ்.ஓ. 20743னு டெஸ்ட் பேர் இருக்குதா, அந்த டெஸ்ட் பண்ணின துணி தொவைக்காத துணியா தொவைச்ச துணியா. நான் பாத்த வரைக்கும் பத்துல ஏழெட்டு ரிப்போர்ட்ல இந்த ரெண்டாவது விஷயமே இருக்காது, புதுசா ஸ்டென்டர்ல (துணியச் சூட்டுல காய வெக்கற மெஷின்) இருந்து எறங்கின துணிய வெட்டி அனுப்பிச்சு நம்பர் வாங்கிட்டு அதையே 50 சலவைக்கும் சேத்து சொல்லிருவாங்க. அப்புறம் 99.9ங்கறது பெருசாத்தான் தெரியும், ஆனா 10 லட்சம் கிருமி இருந்தா அதுல இன்னும் 1000 உசுரோட இருக்குதுன்னுதான் அர்த்தம். 99ன்னு போட்டிருந்தா 10,000. ஒரு புள்ளி தள்ளிப் போனா பத்து மடங்குங்க.

வெள்ளி எப்படிக் கொல்லுதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க ஏமாறுவோம்னு தெரியும். வீட்ல பொண்ணு போட்டிருக்கற வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்குது? காத்துல, வேர்வையில இருக்கற கந்தகம் வெள்ளியப் புடிச்சுக்குது. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு ஒட்டு. பாக்டீரியா ஒடம்புல இருக்கற புரதத்துலயும் கந்தகம் இருக்குதுங்க, வெள்ளித் துகள்ல இருந்து மெதுவாக் கரைஞ்சு வர்ற வெள்ளி அயனி, அதாவது மின்னேத்தம் இருக்கற வெள்ளி அணு, அங்க போய் ஒட்டிக்கும், புரதம் வேலை செய்யாமப் போயிரும், சுவரு ஓட்டையாகும், கிருமி செத்துரும். கல்லுப்ப விட தூளுப்பு சீக்கிரம் கரையுமில்லீங்களா, அதே மாதிரி துகள் சின்னதாக ஆக அயனி நெறைய வரும், நானோவா ஆக்கறது அதுக்குத்தான். நம்ம முடி ஒண்ணு சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன், பாக்டீரியா ஒண்ணு சுமார் 1,000, இந்தத் துகள் 20, 30ன்னு இருக்கும். ஆனா அதே கந்தகத்தால வேற ஒரு ஆபத்தும் இருக்குது. வெள்ளி முழுசா கந்தகத்தோட சேந்து சல்ஃபைடா மாறிட்டா அது கரையவே கரையாது, கொலுசுல படிஞ்ச கறுப்பு மாதிரி சும்மா ஒக்காந்திருக்கும், கிருமிக்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது.

சலவைல என்ன ஆகுதுன்னு 2008லயே அமெரிக்காவுல அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேரு கடைல விக்கற வெள்ளி சாக்ஸ வாங்கித் தண்ணில போட்டு அலசிப் பாத்தாங்க. ஒரு கிராம் சாக்ஸ்ல 1360 மைக்ரோகிராம் வரைக்கும் வெள்ளி இருந்துச்சு, அரை லிட்டர் தண்ணில 650 மைக்ரோகிராம் வரைக்கும் எறங்குச்சு. சில சாக்ஸ்ல சில அலசல்லயே பெரும்பகுதி போயிருச்சு, சிலதுல அப்படியே கெட்டியா நின்னுச்சு. செஞ்ச விதந்தான் வித்தியாசம். நூலு இழுக்கறப்பவே உள்ள சேத்தது வேற, துணிய மருந்துத் தண்ணில முக்கிப் பிழிஞ்சு (பேடிங்) எடுத்தது வேற, ஒட்ட வெக்கற பைண்டர் போட்டு ஸ்டென்டர்ல சரியான சூட்ல கெட்டிப்படுத்தினது வேற.

நானும் ஒரு தடவை பாத்தேனுங்க. ஒரு சப்ளையர் 50 சலவைன்னு சொல்லிக் குடுத்த பனியன் துணி, பேரு வேண்டாம். துணில ஒரு துண்டு வெட்டி நைட்ரிக் ஆசிட்ல கரைச்சு ஐ.சி.பி. மாஸ் மெஷின்ல விட்டேன். உள்ள ஆர்கான் வாயுவ ஆயிரக்கணக்கான டிகிரி சூட்ல எரிய விட்டு வெச்சிருக்கும், அதுல எது போனாலும் அணு அணுவாப் பிரிஞ்சு மின்னேத்தம் வாங்கிரும், அப்புறம் எடை வாரியாப் பிரிச்சு எண்ணிரும். வெள்ளிக்கு ரெண்டு எடை, 107 ஒண்ணு 109 ஒண்ணு, இயற்கைல 52க்கு 48ங்கற கணக்குல இருக்கும், அதனால ஸ்கிரீன்ல ஏறக்குறைய ஒரே ஒசரத்துல ரெண்டு கோடு பக்கத்துப் பக்கத்துல எந்திரிச்சு நின்னா அது வெள்ளிதான், வேற எதுவும் அந்த வேஷம் போடறது கஷ்டம். தொவைக்காத துணில அந்த ரெண்டு கோடும் கம்பம் மாதிரி நின்னுச்சு. அஞ்சு சலவை முடிச்சு எடுத்த துண்டுல ரெண்டும் தரையோட படுத்திருந்துச்சு, சலவைத் தண்ணிய விட்டுப் பாத்தா அங்க எந்திரிச்சு நிக்குது. எனக்கு அன்னிக்கு மனசே சரியில்ல, அந்த பனியன ஒரு கொழந்தைக்குப் போடறவங்க 50 சலவைக்கும் சேத்துத்தானே காசு குடுப்பாங்க.

அந்தத் தண்ணி எங்க போகுதுங்கறது தனி வெசனம். சாயக் கழிவு நொய்யல் ஆத்துல கலந்ததால 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொன்னத திருப்பூர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, நொய்யலும் ஒரத்துப்பாளையம் டேமும் பட்ட பாட்ட நேர்ல பாத்த சனம் நாம. இன்னிக்கு சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்.ஓ.வுக்கு முன்னாடி பயாலஜிக்கல் டேங்க்னு ஒண்ணு ஓடுது பாருங்க, அங்க அழுக்கத் திங்கறதே பாக்டீரியாதான். கிருமியக் கொல்ற வெள்ளி அந்த நல்ல பாக்டீரியாவப் பாத்து ஒதுங்கிப் போகாது. அதுல பெரும்பகுதி சேத்துல சல்ஃபைடாப் படிஞ்சிரும்ங்கறது நெசம், ஆனா ஃபினிஷ் போட்டு மிச்சமான வெள்ளி மருந்துத் தண்ணிய அப்படியே சாக்கடைல தொறந்து விடறது தப்புங்க.

அதனால துணிய 0, 10, 20, 50 சலவை போட்டு நாலு துண்டா எடுங்க, ஒவ்வொண்ணுலயும் கிருமி டெஸ்ட்டும் பண்ணுங்க, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வெள்ளிங்கற டெஸ்ட்டும் பண்ணுங்க. நம்ம கோயமுத்தூர்ல இருக்கற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் சிட்ராவுல மெடிக்கல் டெக்ஸ்டைல்ஸுக்குன்னே தனி மையம் இருக்குது, அங்க கேளுங்க. ரெண்டு நம்பரும் சேந்து நின்னா தாராளமா ஆர்டர் எடுங்க. அதுவரைக்கும் 50ன்னு எழுதிக் கையெழுத்துப் போடாதீங்க.

என்ற வீட்டுக்காரருக்கு சக்கரைல கால்ல புண்ணு. டாக்டர் வெள்ளி போட்ட கட்டு கட்டறாரு. பக்கத்து வீட்டக்கா நானோ வெள்ளித் தண்ணின்னு ஒரு பாட்டில் குடுத்து தெனம் ரெண்டு மூடி குடிச்சா உள்ள இருந்தே ஆறிரும்னு சொல்றாங்க. குடுக்கலாமா? – வாசகி, பெருந்துறை

குடுக்காதீங்கம்மா. ஒரு மூடி கூட வேண்டாம்.

கட்டு வேற, குடிக்கறது வேற. மேலாப்புல வெள்ளி போடறது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, தீப்புண்ணுக்குப் போடற வெள்ளை கிரீம் சில்வர் சல்ஃபாடயசின் 1960கள் கடைசில இருந்தே இருக்குது. புண்ணுல கிருமி ஏறியிருக்கறப்ப அது நல்லா வேலை செய்யும், சதை வளர ஆரம்பிச்சதும் டாக்டர் நிறுத்திட்டு வேற கட்டு போடுவாரு, ஏன்னா வெள்ளி நம்ம புதுச் சதையையும் கொஞ்சம் தொந்தரவு பண்ணும். அதனால எப்ப நிறுத்தறதுங்கறத அவரு கிட்ட விட்டுருங்க, நல்லாத்தானே இருக்குதுன்னு நீங்களா வாங்கி மாசக்கணக்காக் கட்டாதீங்க.

குடிக்கற வெள்ளி ஒடம்புல தங்கி தோலுக்கடியில படிஞ்சு நெறமே நீலஞ்சேந்த சாம்பலா மாறிப் போகும், ஆர்கைரியான்னு பேரு, வந்தா போகவே போகாது. அமெரிக்க மருந்துத் துறை 1999லயே இந்த மாதிரி தண்ணில மிதக்கற கூழ்ம வெள்ளிய எந்த நோய்க்கும் பாதுகாப்பானதுன்னோ வேலை செய்யும்னோ ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. சக்கரைப் புண்ணுக்கு சக்கரை கட்டுக்குள்ள இருக்கறதும் காலுக்கு ரத்த ஓட்டம் போறதுந்தான் மொதல்ல. அந்தக்கா நல்ல மனசோடதான் குடுத்திருப்பாங்க, பாட்டில அவங்களையும் குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. கண்ட எடத்துலயும் வெள்ளி போட்டா கிருமி பழகிக்காதான்னு சில பேரு கேக்கறாங்க. பழகும். பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரி தீப்புண் வார்டுல வெள்ளிக்கு அசையாத சால்மொனெல்லா பரவினது 1975லயே மருத்துவ இதழ்ல வந்திருக்குது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறை எடை போடும்னு எங்க சார் சொன்னாரு. தராசே இல்லாம எப்படிங்க எடை போடும்? – கல்லூரி மாணவி, கோபி

அம்மிணி, ஒரு கன்னுக்குட்டியையும் ஒரு காங்கேயம் காளையையும் ஒரே அளவு பலத்தோட தள்ளி விட்டா எது வெரசாப் போகும்? கன்னுக்குட்டிதானே. மெஷினும் அதத்தான் பண்ணுது. மூலக்கூறுக்கு மின்னேத்தம் குடுத்து, காத்தே இல்லாத ஒரு குழாய்க்குள்ள எல்லாத்தையும் ஒரே தள்ளாத் தள்ளும், எது எத்தனை நேரத்துல கடைசிச் சுவத்துல வந்து மோதுதுன்னு பாக்கும். லேசானது மொதல்ல வரும், கனமானது பொறவு. நேரத்த வெச்சு எடை. எல்லா மெஷினும் ஓட விட்டே பாக்காது, சிலது காந்தம், மின்புலத்த வெச்சுப் பிரிக்கும்.

கஷ்டம் என்னன்னா புரதம் மாதிரி பெரிய மூலக்கூறை ஒடையாம எப்படிப் பறக்க வெக்கறது. லேசர் அடிச்சா சுக்கு நூறாப் போயிரும். 1985ல ஜப்பான்ல ஷிமாட்சு கம்பெனில கொய்ச்சி தனாகாங்கற எஞ்சினியரு, படிச்சது எலக்ட்ரிக்கல், கோபால்ட்டோட ரொம்ப ரொம்பப் பொடியான தூள வேற ஒரு திரவத்துல கலக்கறதுக்குப் பதிலா தெரியாம கிளிசரின்ல கலக்கிட்டாரு. வெலை ஜாஸ்தியான தூளு, கீழ ஊத்த மனசு வராம அதையே மெஷின்ல வெச்சு லேசர் அடிச்சுப் பாத்தாரு, பெரிய மூலக்கூறு ஒடையாம எந்திரிச்சு வந்துச்சு! 2002ல அவருக்கு வேதியியல் நோபல். அந்தத் தூளும் நானோ துகள்தான் கண்ணு, நானோ பொருளும் மாஸ் மெஷினும் அப்பவே ஒட்டுக்கா சேந்தாச்சு. அதே வருஷ நோபல்ல ஜான் ஃபென்னுக்கும் பங்கு, அவரு திரவத்த மின்சாரத்தால சாரலா அடிச்சு மூலக்கூறைப் பறக்க விட்டவரு.

நம்மூர்ச் சரக்குலயே ஒண்ணு சொல்றேன். ஈரோட்டு மஞ்சள் ஒரு சிட்டிகை எடுத்து ஆல்கஹால்ல கலக்கி வடிகட்டி அந்தச் சாரல் முறைல விட்டா 369ல ஒரு கோடு வரும், அது குர்குமின், சொந்த எடை 368, ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டி 369. பக்கத்துல 339, 309ன்னு இன்னும் ரெண்டு, முப்பது முப்பதாக் கொறஞ்சு படிக்கட்டு மாதிரி எறங்கும், மூணும் அக்கா தங்கச்சி. ஃபேக்டரில செஞ்ச குர்குமின்ல பெரும்பாலும் அந்த அக்கா மட்டும் தனியா நிக்கும். மொத தடவை அந்த மூணு கோட்டப் பாத்தப்ப எனக்கு எங்க ஆத்தா மஞ்சள் வேகவெக்கற வாசனையே வந்துச்சு.

அப்பாவுக்கு ரத்தத்துல கிருமின்னு சேத்தோம். சின்ன ஆஸ்பத்திரில மூணு நாள் ஆகும்னாங்க, பெரிய ஆஸ்பத்திரில மெஷின்ல வெச்சதும் கிருமி பேரச் சொல்லிட்டாங்க. நெசமா? – வாசகர், கரூர்

நெசந்தானுங்க, தனாகாவோட சமகாலத்துல ஜெர்மனில ஹில்லன்காம்ப், கராஸ்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்ச மால்டிங்கற முறை அது. தட்டுல வளந்த கிருமிய ஒரு குச்சில தொட்டு எஃகுத் தகட்டுல தேய்ச்சு மேல லேசர உறிஞ்சற ஒரு திரவத்த ஒரு சொட்டு விட்டு லேசர் அடிப்பாங்க, கிருமியோட புரதங்க 2,000ல இருந்து 20,000 டால்டன் (மூலக்கூறு எடையோட அளவு) வரைக்கும் கோடு கோடா வரும், அந்தக் கோலத்த வெச்சு சில நிமிஷத்துல பேரு சொல்லும். ஆனா கிருமி மொதல்ல வளந்தாகணும், அதுக்கு ஒரு ராத்திரியாவது ஆகும். எந்த மருந்து கேக்கும்ங்கற டெஸ்ட்டுக்கும் பெரும்பாலும் இன்னொரு நாள் காத்திருக்கணும். பேரு சீக்கிரம் தெரிஞ்சா டாக்டர் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்க அன்னிக்கே நிறுத்தலாம், அது பெரிய விஷயம்.

மருந்துக்கடை வெச்சிருக்கேன். வயித்து எரிச்சலுக்கு ரானிடிடின் மாத்திரைய எத்தனையோ வருஷமா வித்தோம், திடீர்னு கெட்டதுன்னுட்டாங்க. இத்தனை நாள் யாருக்கும் தெரியலையா? – வாசகர், தாராபுரம்

தெரியற மாதிரி யாரும் தேடலைங்க. 2018ல ரத்தக் கொதிப்பு மாத்திரை வால்சார்டன்ல என்.டி.எம்.ஏ.ன்னு ஒரு வேண்டாத ரசாயனம் மாட்டுச்சு, புத்துநோய் உண்டாக்கக் கூடிய வகை. அதுக்கப்புறந்தான் மத்த மாத்திரைலயும் தேட ஆரம்பிச்சாங்க, 2019ல ரானிடிடின் மாட்டுச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 96 நானோகிராம்தான் வரம்பு. ஒரு கிராம எடுத்துப் பங்கு போட்டா சுமார் ஒரு கோடிப் பேருக்கு ஒரு நாள் வரம்பு வந்துரும், அத்தனை சின்ன அளவ சாதாரண டெஸ்ட்ல புடிக்க முடியாது, மாஸ் மெஷின்லதான் சிக்கும்.

இதுல ஒண்ணக் கவனிங்க. ஆரம்பத்துல ஒரு லேப் பண்ணின டெஸ்ட்ல மாத்திரைய 130 டிகிரில சூடு பண்ணினாங்க, அந்தச் சூட்டுலயே ரானிடிடின் ஒடைஞ்சு என்.டி.எம்.ஏ. புதுசா உண்டாகி நம்பர் எக்கச்சக்கமா ஏறிருச்சு. அப்புறம் சூடு பண்ணாம திரவத்துலயே பிரிக்கற முறைல பாருங்கன்னு அமெரிக்க மருந்துத் துறை சொல்லுச்சு. அப்படிப் பாத்தும் இருந்துச்சு, ஆனா ரொம்பக் கம்மி. சூட்டுல, நாள்பட வெக்கறதுல அது கூடிட்டே போகுதுன்னு தெரிஞ்சப்புறந்தான் 2020 ஏப்ரல்ல அங்க மொத்தமா எடுக்கச் சொன்னாங்க. நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து 2022ல எடுத்தாச்சு. தாராபுரத்து வெயில் உங்களுக்குச் சொல்லணுமா, தகரக் கூரைக்கடியில பொட்டி அடுக்கி வெக்காதீங்க, எந்த மாத்திரையா இருந்தாலும்.

செம்புல தண்ணி ஊத்தி வெச்சுக் குடிச்சா கிருமி சாகும்ங்கறது நானோ மாதிரித்தானா? – வாசகர், அனுப்பர்பாளையம்

பாத்திரப் பட்டறை ஊர்ல இருந்து கேக்கறீங்க, சந்தோசமுங்க. ஆமா, செம்புல இருந்தும் அயனிதான் எறங்குது, நானோ ஒண்ணும் இல்ல. செம்பு, பித்தளைல கிருமி சாகுதுன்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2008ல பதிவே பண்ணிக் குடுத்திருக்குது. அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ணிரும்னு நம்பிராதீங்க, நல்ல தண்ணிய ராத்திரி ஊத்தி வெச்சு காலைல குடிக்கலாம். மோரு, புளித்தண்ணி, எலுமிச்சம்பழ ஜூஸ் இதெல்லாம் ஈயம் பூசாத செம்புல ஊத்தவே கூடாது, புளிப்பு செம்ப அளவுக்கு மேல கரைச்சு வாந்தி வரும். பச்சை பூத்திருந்தா புளி போட்டுத் தேச்சு நல்லாக் கழுவிட்டு அப்புறம் ஊத்துங்க.