அம்மாவின் முதுகுவலிக்காக 14 லட்சத்தில் கார்?

கேள்வி: வணக்கம் சார். வயது 44, ஊர் பாளையங்கோட்டை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 1,15,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000. மகள் பதினொன்றாம் வகுப்பு. சேமிப்பு 4.5 லட்சம். 2017 ஜனவரியில் வாங்கிய விட்டாரா பிரெஸ்ஸா டீசல் வைத்திருக்கிறேன், 1,08,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டேங்கை நிரப்பி நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 18 கொடுக்கிறது. டயர்கள் 2020-இல் மாற்றியவை, பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) இன்னும் இருக்கிறது. மாதம் 1,100 கி.மீ. ஓட்டுவேன்: வாராவாரம் தென்காசி, மாதம் ஒருமுறை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மீதி உள்ளூர். அம்மாவுக்கு 71 வயது, முதுகில் டிஸ்க் பிரச்சினை. பின் சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் 'அம்மாடி' என்கிறார். ஷோரூமில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காம்பாக்ட் எஸ்யூவி பார்த்தோம். ஆன்ரோடு 14.25 லட்சம், மைலேஜ் 20 என்கிறார்கள். என் வண்டிக்கு 4.25 லட்சம் தருகிறார்கள். மீதி 10 லட்சத்துக்கு 9% வட்டியில் ஏழு வருடக் கடன். 'பத்து வருஷம் ஆனால் டீசல் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள், இப்பவே தள்ளிவிடு' என்கிறார் மச்சான். மாற்றலாமா?

பதில்: முதலில் மச்சானுக்குப் பதில் சொல்லிவிடுவோம். டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்ற கட்டுப்பாடு டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பற்றியது. தமிழ்நாட்டில் உங்கள் ஆர்.சி. 15 வருடம், அதாவது 2032 ஜனவரி வரை செல்லும். அதற்குப் பிறகும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாம். ஆகவே அவசரம் எதுவும் இல்லை.

அடுத்து மைலேஜ். ஷோரூமில் சொல்லும் 20 என்பது ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழில் உள்ள எண். அந்தச் சோதனையில் வண்டி ரோட்டில் ஓடாது, உருளைகள் மேல் ஓடும். அதே சான்றிதழில் உங்கள் பிரெஸ்ஸா டீசலுக்கு என்ன போட்டிருந்தது தெரியுமா? 24.3. உங்கள் காலில் அது 18 கொடுக்கிறது, கிட்டத்தட்ட முக்கால் பங்கு. புது வண்டியையும் அதே காலால்தானே மிதிக்கப் போகிறீர்கள்? 20-க்கு அதே கணக்கைப் போட்டால் 14.8. வருடம் 13,200 கி.மீ., டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இப்போது உங்கள் எரிபொருள் செலவு சுமார் 68,000. புது வண்டியில் 90,000. மைலேஜுக்காக மாற்றுகிறேன் என்பவர் வருடம் 22,000 ரூபாய் கூடுதலாகப் பெட்ரோல் பங்கில் கொடுக்கப் போகிறார். இந்த ஒரு கணக்கை ஷோரூமில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

சரி, உண்மையான விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் வண்டி நடுவழியில் நின்றது, புகை விட்டது, ஆயில் குடித்தது என்று ஒரு வரிகூட இல்லை. இருக்கும் ஒரே குறை குலுக்கல். அது வண்டியின் வயதால் வந்ததா, ரப்பரின் வயதால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் காரும் இப்படித்தான் தடதடத்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'ஷாக் போச்சு சார்' என்றார்கள். நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றி 18,000 கொடுத்தேன். தடதடப்பு அப்படியே இருந்தது. பிறகு தெரு முனையில் செட் போட்டிருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பக்கத்தில் ஒரு கம்பியை நுழைத்து நெம்பினார். அதன் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் காய்ந்த சப்பாத்தி மாதிரி வாய் பிளந்தது. அப்புறம் காற்றைப் பார்த்தார். 33 இருக்க வேண்டிய டயரில் 40 இருந்தது, பங்கில் யாரோ அள்ளி அடித்திருக்கிறார்கள். புஷ்ஷும் லிங்க் ராடும் மாற்றி, காற்றை இறக்கி, 5,000 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. முதலில் கொடுத்த 18,000 போனது போனதுதான்.

டயரில் பட்டன் இருக்கிறது என்கிறீர்கள். பட்டன் இருக்கலாம், ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், பாருங்கள். 3220 என்றிருந்தால் 2020-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது என்று பொருள். ஐந்தாறு வருட வெயிலில் நின்ற டயர் கல்லாகிவிடும், சின்னப் பள்ளம்கூட நேராக முதுகுக்கு வரும்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளில் பின் சீட்டு ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே இருக்கிறது. பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்திரம் இணைக்கிறது, அதனால் ஒரு பக்கம் விழும் அடி மறுபக்கத்துக்கும் ஓரளவு வரும். உயரமான வண்டி வளைவில் சாயக்கூடாது என்று ஸ்பிரிங்கையும் இறுக்கமாகத்தான் வைப்பார்கள். நீங்கள் பார்த்துவந்த புது வண்டியிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான் இருக்கும். அதில் அழகான 17 அங்குல அலாய் வீல் இருந்தால் டயரின் பக்கச்சுவர் உங்கள் 16 அங்குல டயரைவிடக் குட்டையாக இருக்கும், குலுக்கல் கூடக்கூடும். ஆகவே அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒருமுறை மதுரை போய் வாருங்கள். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருபவருக்கு ஆட்டம் குறைவு. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இனி பணம். கீழே உள்ள மறுவிற்பனை விலைகளும் பராமரிப்புச் செலவும் என் மதிப்பீடு, ஐம்பதாயிரம் முன்னே பின்னே இருக்கலாம்.

பழைய வண்டியை இன்னும் ஐந்து வருடம் வைத்திருந்தால், இன்றைய 4.25 லட்சம் அன்று 1.25 லட்சமாகியிருக்கும். போனது 3 லட்சம். நான்கு டயர், சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் பாகங்கள்) வேலை, ஒரு கிளட்ச், ஒரு பேட்டரி, வருடாந்தர சர்வீஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 3 லட்சம் என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 6 லட்சம்.

புது வண்டி 14.25 லட்சம். ஐந்து வருடத்தில் 7 லட்சத்துக்கு விற்றாலும் 7.25 லட்சம் கரைந்திருக்கும். தவணை மாதம் 16,089. முதல் ஐந்து வருடத்தில் வட்டியாக மட்டும் 3.17 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் இன்னும் மூன்றரை லட்சம் பாக்கி நிற்கும். சர்வீஸ் 75,000, கூடுதல் எரிபொருள் 1.1 லட்சம். மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டுகிறது. வித்தியாசம் ஆறே கால் லட்சம், அதாவது மாதம் பத்தாயிரத்துக்கு மேல். இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுவதை நான் சேர்க்கவே இல்லை.

அதைவிட என்னைத் தயங்க வைப்பது உங்கள் மகள். இரண்டு வருடத்தில் கல்லூரி. ஏழு வருடத் தவணை அவள் படிப்பு முழுவதும் கூடவே வரும். கையில் இருக்கும் 4.5 லட்சம்தான் உங்கள் ஒரே மெத்தை.

'ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது, இதைவிட நல்ல நேரம் வராது' என்றும் சொல்லியிருப்பார்கள். குறைந்தது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 18% வரி என்பது நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு மட்டுமே. அதைத் தாண்டினால் 40%. தமிழ்நாட்டு ரோடு டாக்ஸிலும் இப்படி ஒரு படி இருக்கிறது: கார் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13%, அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18%. 9.9 லட்சம் வண்டிக்கு சுமார் 1.29 லட்சம் வரி, 11.6 லட்சம் வண்டிக்கு 2.09 லட்சம். என்றைக்கு வாங்கினாலும் இந்த இரண்டு கோடுகளையும் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுங்கள். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்குக் கொடுக்கும் விலையும் இறங்கும், அதையும் யாரும் சொல்வதில்லை.

என் கணக்குக்கு அடங்காத ஒரு விஷயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பாதுகாப்பு. உங்கள் வண்டியில் இருந்தால் முன்னால் இரண்டு ஏர்பேக், அவ்வளவுதான். இப்போது வரும் பல காம்பாக்ட் எஸ்யூவிகளில் ஆறு இருக்கிறது. 'அதற்காக மாதம் பத்தாயிரம் கொடுக்கத் தயார்' என்று நீங்கள் சொன்னால் அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்போதும் மகளின் முதலிரண்டு வருடக் கட்டணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு மேல் போகாத கடனாக எடுங்கள். ஏழு வருடத்தில் மொத்தம் 13.5 லட்சம் கட்டுவீர்கள், ஐந்து வருடத்தில் 12.45 லட்சம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்ற மாட்டேன். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று ஊரெல்லாம் ஓடியது, அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் திருநெல்வேலியில் அரிது. 2020-இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி அதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு விற்றால் அதே வண்டி திரும்பக் கிடைக்காது.

60,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஒரு மாதம் சம்பளத்திலிருந்து டயர், அடுத்த மாதம் சஸ்பென்ஷன். முதலில் டயர், பிறகு வீல் அலைன்மெண்ட், பிறகுதான் புஷ், கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் ஷாக். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கட்டாத தவணையிலிருந்து மாதம் 8,000 எடுத்து அஞ்சலக ஆர்.டி.யில் போடுங்கள். 6.7% வட்டியில் ஐந்து வருடத்தில் சுமார் 5.7 லட்சம் சேரும், அடுத்த வண்டிக்கு முன்பணம் அதுதான். மீதி எட்டாயிரம் மகள் பெயருக்கு.

கிளெய்ம் எதுவும் போடாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் உங்களுக்கு 50% நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அது வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். என்றைக்கு விற்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள், மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.