பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைக் கழுவுவது: கேள்வி பதில்

மழை ஓய்ந்ததும் பொங்கலுக்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் கிளம்புகிற நேரம் இது. இருபது வருடமாக வெளிச்சுவர் வேலை செய்கிறேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற பிரஷர் வாஷர் மிஷினால் சுவரைக் கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம். பெயிண்டர் "துடைப்பத்தால் தட்டிவிட்டு அடித்துவிடலாம், கழுவ வேண்டாம்" என்கிறார். சரியா அண்ணே?

உள்ளங்கையைச் சுவரில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால், பழைய பெயிண்ட் வெயிலில் மக்கிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் அடிக்கிற புது பெயிண்ட் அந்த மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது. துடைப்பத்தால் தட்டினால் அந்த மாவு போகாது, தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். மாடி இல்லாத வீடு என்றால் ஓஸ் பைப்பும் தேங்காய் நார் பிரஷும் போதும். மாடி வீடு, ரோட்டுப் புழுதி, பாசி என்று இருந்தால் மிஷின் நேரத்தை மிச்சப்படுத்தும். உரிந்து தொங்குகிற பெயிண்டை மட்டும் முதலிலேயே சுரண்டியால் எடுத்துவிடுங்கள். மிஷினை வைத்து பெயிண்டை உரிக்கப் பார்த்தால் சிமென்ட் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

கோவையிலிருந்து: பைக் கழுவ வாங்கிய சின்ன மிஷின் இருக்கிறது. அது போதுமா, இல்லை வாட்டர் சர்வீஸ் கடையில் இருப்பது மாதிரி பெரியதை வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

சின்னதே போதும். 100 முதல் 120 பார் வரை அழுத்தம் தருகிற மிஷின் சிமென்ட் பூச்சுச் சுவருக்குத் தாராளம். பெரிய மிஷின் கையில் இருந்தால் ஆசையில் கிட்டே கொண்டுபோய்விடுவோம்.

அழுத்தத்தை விட முக்கியம் நாசில், அதாவது தண்ணீர் வெளியே வருகிற முனை. விசிறி போல விரிகிற 40 டிகிரி நாசிலைப் போடுங்கள். தனித்தனி நாசிலாக வருகிற மிஷின்களில் பெரும்பாலும் அது வெள்ளை நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் ஒரே கோடாகப் பாயும் 0 டிகிரி. அதைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று ஆரம்பித்து, அழுக்கு போகவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் நெருங்குங்கள். கீழே ஓடுகிற தண்ணீரில் மணல் தெரிந்தால் பின்னால் வாருங்கள். பூச்சு கரைகிறது என்று அர்த்தம். முதலில் கொல்லைப்புறத்தில் யாரும் பார்க்காத மூலையில் ஒரு முறை அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சோப்புத் தண்ணீர் போடுவதாக இருந்தால் கீழிருந்து மேலே, அலசும்போது மேலிருந்து கீழே. காய்ந்த சுவரில் சோப்பு மேலிருந்து வழிந்தால் கோடு கோடாக நிற்கும். சன்ஷேடு அடியிலும் ஜன்னல் இடுக்கிலும் மேல்நோக்கி அடிக்காதீர்கள், தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

நாகர்கோவிலிலிருந்து: வடக்குப் பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாக இருக்கிறது. போன வருடம் கழுவித்தான் அடித்தோம். இந்த வருடம் பெயிண்டுக்கு மேலே மறுபடி வந்துவிட்டது.

அது அழுக்கு இல்லை, உயிருள்ள பாசியும் பூஞ்சையும். தண்ணீர் அடித்தால் மேலே இருப்பது போகும், பூச்சின் துளைகளில் இருப்பது அப்படியே இருக்கும். கழுவுவதற்கு முன்னால் அதைச் சாகடிக்க வேண்டும்.

வீட்டு உபயோகத்துக்கு விற்கிற திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, நார் பிரஷால் சுவரில் பூசுங்கள். ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும். உச்சி வெயிலில் செய்தால் ஊறுவதற்குள் காய்ந்துவிடும், அதனால் காலையிலேயே ஆரம்பியுங்கள். அப்புறம் தேய்த்துவிட்டு மிஷினால் அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பக்கத்தில் செடி இருந்தால் முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ப்ளீச் போட்ட சுவரில் ஆசிட்டோ பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கலந்த திரவமோ படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். "ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று இருக்கும்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிட் சிமென்ட்டையே அரிக்கும், கேட்காதீர்கள்.

அப்புறம், அந்தச் சுவர் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று மாடியில் ஏறிப் பாருங்கள். பாதி வீடுகளில் தொட்டி நிரம்பி வழிகிற பைப் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து: சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மிஷினால் அடித்தால் போய்விடுமா?

போன மாதிரி இருக்கும். உப்பு தண்ணீரில் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போய், காய்ந்ததும் வெளியே வரும். முதலில் ஈரமில்லாமல் கம்பி பிரஷால் தேய்த்து, கூட்டி அள்ளிவிடுங்கள். அந்த இடத்தை மிஷினால் கழுவ வேண்டாம். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா, உள்ளே பாத்ரூம் பைப் கசிகிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் எந்த பெயிண்டும் அங்கே நிற்காது.

சேலத்திலிருந்து: விரிசலை அடைத்துவிட்டுக் கழுவுவதா, கழுவிவிட்டு அடைப்பதா?

கழுவி, காயவிட்டு, அப்புறம் அடையுங்கள். பேனா முனை நுழைகிற அளவு பெரிய விரிசல் இருந்தால் அதன்மேல் நேராக அடிக்க வேண்டாம். கையால் துடைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து: தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புப் பூச்சு. கழுவலாமா?

மிஷின் வேண்டாம் அம்மா. சுண்ணாம்புப் பூச்சு சிமென்ட்டை விட மென்மையானது, இந்த அடியைத் தாங்காது. மென்மையான பிரஷ், குறைந்த தண்ணீர், பொறுமையான ஆள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

மதுரையிலிருந்து: கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறோம், பாசி பிடித்திருக்கிறது. பழைய கிரில்லும் இருக்கிறது. அதையும் சேர்த்தே அடித்துவிடலாமா?

இரண்டுமே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் வேகமான தண்ணீர் பட்டால் மேற்பரப்பு பெயர்ந்து நார் வெளியே வரும். அது காய்ந்து காற்றில் கலந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. கிரில்லில் பழைய எனாமல் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மிஷினால் அடித்தால் அந்தச் செதில் வாசல் முழுக்கச் சிதறும். கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, விழுந்ததை அள்ளிவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

திருச்சியிலிருந்து: ஏணியில் ஏறி நானே அடிக்கலாமா? மீட்டர் பெட்டி வேறு வெளிச்சுவரில் இருக்கிறது.

ஏணி வேண்டவே வேண்டாம். மிஷினின் தண்ணீர்த் துப்பாக்கியை அழுத்தியதும் பின்னால் தள்ளும். ஒரு கை துப்பாக்கியில், ஒரு கை ஏணியில் என்றால் விழுவோம். தரையில் நின்று நீளக் குழாய் போட்டு அடியுங்கள், இல்லையென்றால் சாரம் கட்டுங்கள். மீட்டர் பெட்டியையும் ஏசி வெளி யூனிட்டையும் பிளாஸ்டிக்கால் மூடி, அந்த இரண்டடி சுற்றளவைத் துணியால் துடையுங்கள். மிஷினுக்கு எடுக்கிற லைனில் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்க வேண்டும். ஒயர் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது.

தண்ணீர் கையில் பட்டு ஊசி குத்திய மாதிரி சின்னப் புள்ளி தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே சின்னதாக இருக்கும், உள்ளே தசையைக் கிழித்திருக்கும்.

செங்கல்பட்டிலிருந்து: எங்கள் பெயிண்டர் காலையில் கழுவி மாலையில் பிரைமர் அடித்துவிடலாம் என்கிறார். பொங்கலுக்கு இன்னும் ஐந்தே நாள். சம்மதிக்கலாமா?

வேண்டாம். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், இதே மார்கழி, இதே அவசரம். கழுவிய மறுநாளே பிரைமர் அடித்தோம். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் முழுக்கக் கொப்புளம். உள்ளே மாட்டிய ஈரம் சூடாகி பெயிண்டைத் தள்ளிவிட்டது. என் செலவில் சுரண்டி மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

நல்ல வெயிலில் குறைந்தது இரண்டு மூன்று நாள் காய வேண்டும். மார்கழிப் பனியில், அதுவும் மழைக்காலம் முழுக்க நனைந்த சுவருக்கு, ஒரு வாரம்கூட ஆகும். நாள் கணக்கை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் காலையில் பிரியுங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. வெயில் படாத பக்கத்தில், தரைக்குக் கிட்டே ஒட்டிப் பாருங்கள், அங்கேதான் கடைசியாகக் காயும்.

இந்தப் பொங்கலுக்குக் கழுவி மட்டும் விடுங்கள். கழுவிய சுவரே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கேட்டுக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். பெயிண்டரிடம் தை கடைசியில் வரச் சொல்லுங்கள். பொங்கல் முடிந்தால் அவருக்கும் வேலை குறைவாக இருக்கும், கூலியும் கொஞ்சம் பேசலாம்.