பாட்டிக்குத் தெரிந்த திருவாதிரை

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் 12ஆவது மாடியில் இருக்கிறோம். தொடக்கநிலை 2 படிக்கும் மகள் விண்மீன் கூட்டங்களைப் பற்றிக் கேட்டுத் துளைக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் நாலு நட்சத்திரம்கூடத் தெரிவதில்லை. வீட்டிலேயே ஏதாவது செய்து காட்டலாமா? மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்.

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, கேட்டை என்று மாமியார் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறாரே, அவையெல்லாம் வானத்தில் கண்ணால் பார்க்கக்கூடியவை. எனவே அவரையும் உட்கார வையுங்கள்.

ஜன்னல்மேல் குற்றமில்லை. 2016இல் வெளியான உலக ஒளி மாசு ஆய்வில் நம் ஊருக்குத்தான் முதலிடம். அதையும் மீறித் தெரிவது ஓரியன் என்னும் வேட்டைக்காரன். அவனுடைய செந்நிறத் தோள்தான் திருவாதிரை.

டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழல், கறுப்புத் தாள், ரப்பர் பேண்ட், ஊசி போதும். குழல் வாயளவு வட்டத்துக்குள் நாலு மூலைக்கு நாலு புள்ளி, நடுவில் இடுப்புக் கச்சையாகச் சாய்வாக மூன்று. இடது மேல் மூலை திருவாதிரை, வலது கீழ் மூலை ரைகல் என்னும் விண்மீன். இவ்விரண்டுக்கு மட்டும் பென்சில் முனையால் பெரிய துளை. திருவாதிரைமேல் ஆரஞ்சு மிட்டாய்த் தாளில் ஒரு துணுக்கை ஒட்டுங்கள். அப்புறம் தாளைக் குழல் வாயில் மூடும்போது, வரைந்த பக்கம் உள்ளே இருக்க வேண்டும். நான் முதல்முறை வெளியே வைத்துவிட்டேன்; வேட்டைக்காரன் இடம் வலம் மாறி நின்றான். என் பையன்தான் கண்டுபிடித்தான்!

விளக்கை அணைத்து, மறுமுனையில் கைப்பேசி விளக்கை வைத்துச் சுவரில் அடியுங்கள். டார்ச் வேண்டாம், அதில் புள்ளிகள் மங்கும். பிறகு, தலை இடப்பக்கம் வரும்படி குழலைத் திருப்புங்கள். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், கிழக்கில் அவன் இப்படிப் படுத்தபடிதான் எழுவான்.

மார்கழித் திருவாதிரையன்று பாட்டி களி கிண்டுவாரென்றால், அன்றிரவு நிலா அவன் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அது மழைக்காலம், மேகம் மறைத்துவிடலாம். மறைத்தால் பிப்ரவரி நடுவில், இரவு 9 மணிவாக்கில், கீழே புல்வெளியில் பாய் விரித்துப் படுங்கள். கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே இருப்பான். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.