கயோட்டி வேட்டையில் பெண் கயோட்டியின் குரலைப் போட்டால் உண்மையிலேயே வருமா? எந்த மாதத்தில் போட வேண்டும்?

வரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் கயோட்டிதான் வரும் என்று சொல்ல முடியாது. (தெரியாதவர்களுக்கு: கயோட்டி என்பது வட அமெரிக்காவில் நம் நரியைப் போன்ற காட்டு மிருகம்.)

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் டெக்சஸ் பக்கம்தான் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நிலம், இருபது முப்பது ஆடு, பதிவு செய்த மிருகக் குரல்களைப் போட்டு வேட்டைக்கு அழைக்கும், புதிதாக வாங்கிய ஒலிக்கருவி. முயல் கதறலையே போட்டுப் போட்டுப் பலன் இல்லாமல், அதே பட்டியலில் இருக்கும் 'பெண் ஊளை', 'பெண் சிணுங்கல்' இரண்டையும் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலை ஆஸ்டினில். லானோ பக்கம் 40 ஏக்கரில் வெள்ளாடு வளர்க்கிறேன். 2019-இல் முதல் ஈத்திலேயே 7 குட்டிகள் போயின. இரண்டின் உடல்தான் கிடைத்தது. தொண்டையில் கடித்து, விலாவுக்குப் பின்னால் கிழித்துத் தின்றிருந்தது. அது கயோட்டியின் கைவரிசை. "நாய் வளர்க்கக் கூடாதா, வேலி போடக் கூடாதா" என்று கேட்க ஆள் இருக்கும் என்று தெரியும். ஆட்டுக்குக் காவல் இருக்கும் பிரனீஸ் இன நாய் இரண்டு இருந்தன. வலைக்கம்பி வேலியும் இருந்தது. வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்திருந்தது. குட்டி போட்ட ஆடுகளை ராத்திரியில் கொட்டகையில் அடைத்தும் பார்த்தேன். பட்டப்பகலில் வந்து தூக்கியது. இதையெல்லாம் செய்த பிறகுதான் துப்பாக்கியை எடுத்தேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைக்காரர். அப்போதே வயது 78. சின்ன வயதில் அவர் பழகியது மார்பிள் ஃபால்ஸ் ஊர் பர்ன்ஹாம் சகோதரர்களின், வாயால் ஊதி மிருகக் குரல் எழுப்பும் ஊதலில். 1950-களில் அமெரிக்கா முழுவதும் இந்த வேட்டை முறையைப் பரப்பியதில் அந்த இருவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2020 ஜனவரி கடைசி வாரம். புல்லெல்லாம் உறைபனி, காற்று அசையவே இல்லை என்று சொல்லலாம். கருவியை 60 கெஜம் தள்ளி ஒரு சீமைக்கருவேல மரத்தடியில் வைத்துவிட்டு, ஜூனிப்பர் புதர் நிழலில் உட்கார்ந்தோம். பெண் ஊளை இரண்டே முறை. ஆண் குரலைவிட மெல்லியது, கொஞ்சம் மேல் சுருதி, கடைசியில் இழுத்து ஓயும். ஓடைப் பக்கமிருந்து கனத்த ஆண் குரல் ஒன்று பதில் கொடுத்தது.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ரிமோட் என் கையில். அவன் கோபப்பட்டு ஓடி வரட்டும் என்று ஆண் சவால் ஊளையை அழுத்திவிட்டேன். அவ்வளவுதான், ஓடை அடங்கிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டு பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

35 நிமிடம். விரல் மரத்துப்போய் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, எங்களுக்கு வலது பக்கம், மோப்பம் பிடிக்க வசதியான திசையிலிருந்து ஒன்று வந்தது. சத்தமே இல்லை. பிடரி மயிர் சிலிர்த்து நின்றது, தலை தாழ்ந்திருந்தது. இரை தேடி வரும் கயோட்டியின் ஓட்டம் வேறு. இது நாலடி வைத்து நின்றது, மறுபடி நாலடி வைத்து நின்றது. கருவி இருந்த மரத்தை மட்டுமே பார்த்தது. "வீட்டுக்காரி வந்துவிட்டாள்" என்கிற மாதிரி பெரியவர் முணுமுணுத்தார். அது பெண். பதில் கொடுத்தது ஆண், வந்ததோ அதன் துணை. தன் எல்லைக்குள் இன்னொருத்தி நின்று கூவுகிறாள் என்று விரட்ட வந்திருக்கிறாள்.

சுட்டேன். பல்லெல்லாம் தேய்ந்த, வயதான மிருகம். அந்த ஈத்தில் அதற்குப் பிறகு ஒரே ஒரு குட்டிதான் போனது.

கேள்விக்கு வருகிறேன். பெண் குரலின் பயன், நிறைய கயோட்டி வரும் என்பதில் இல்லை. சரியான கயோட்டி வரும் என்பதில்தான் இருக்கிறது. முயல் கதறலுக்குப் பெரும்பாலும் ஓடி வருவது பசித்த இளவட்டம், இடம் இல்லாமல் அலைவது. கலிஃபோர்னியாவில் ஹாப்லேண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1990-களில் கயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தபோது, செம்மறிக் குட்டிகளை அடித்ததில் பெரும்பங்கு அந்த இடத்தை ஆளும் ஜோடிகளுடையது என்று தெரிந்தது. எல்லை வைத்திருக்கும் ஜோடிக்குத்தான் அந்நியப் பெண்ணின் ஊளை உறைக்கும். ஆண் சவால் ஊளை அப்படி இல்லை. அடி வாங்கிய அனுபவம் உள்ளது ஒதுங்கிவிடும். தனியாகக் கூவும் பெண்ணைக் கண்டு அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

பெண் குரல் என்றால் ஆண் ஆசையில் ஓடி வரும் என்று நினைப்பது தவறு. வனவிலங்கு ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட்டின் குழு சிகாகோவில் 2000 முதல் கயோட்டிகளைக் கவனித்து வருகிறது. 236 கயோட்டிகளின் மரபணுவைப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள்: ஒரு ஜோடி கூடத் துணையை விட்டு வேறொன்றோடு சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதனால் ஜோடி உள்ள ஆண் பதில் கொடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

மாதம்? கயோட்டி வருடத்துக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், அதுவும் சில நாட்கள். சிணுங்கல் ஒலி அப்போது போட வேண்டியது. ஆகஸ்டில் போட்டால் அர்த்தமே இல்லை. பெண் ஊளை மற்ற மாதங்களிலும் பலிக்கும். சினைக்காலம் 63 நாள் என்பதால் ஏப்ரல், மேயில் வளையில் குட்டி இருக்கும். அந்த இரண்டு மாதமும் நான் கூப்பிடுவதில்லை. தாய் வந்து செத்தால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். என் ஆட்டுக்கு ஆபத்து அதிகமான மாதங்களும் அவைதான். ஆனாலும் அப்போது நாயையும் கொட்டகையையும் நம்பி இருந்துகொள்கிறேன்.

ஆசை காட்டி மோசம் செய்வது இல்லையா என்று எழுதுவீர்கள். முயல் கதறலும் ஏமாற்றுத்தான், தூண்டிலில் புழு கோப்பதும் ஏமாற்றுத்தான். விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் நரிக்குறவப் பெரியவர் ஒருவர் வாயருகே கையைக் குவித்து நரி ஊளை விடுவார். முந்திரிக்காட்டிலிருந்து நிஜ நரி பதில் சொல்லும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றுபோயிருந்த காலம் அது. எங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் ஊளையிடுவார். இன்றைக்கும் அந்தக் குரலுக்கு ஈடான கருவியை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் ஆட்கள் எத்தனை பேர் என்னிடம் கிடா கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிறார்கள் தெரியுமா? "அண்ணே, இளங்கிடாவா பாத்துக் குடுங்க, நமக்குள்ள எதுக்கு விலை" என்று இருபது டாலர், முப்பது டாலர் குறைக்கச் சொல்வார்கள். பண்டிகை முடிந்த பிறகு அதே ஆட்கள் குழுவில் எனக்கு ஜீவகாருண்யம் சொல்கிறார்கள். அந்தக் கிடா குட்டியாக இருந்தபோது உறைபனியில் யார் காவல் இருந்தது? பாதி ராத்திரி நாய் குரைத்தால் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவது என் மனைவி. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, முதல் தடவை போகும்போது என்ன செய்வது? காற்று பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். மோப்பம் பிடிக்கச் சுற்றி வரும் வழி உங்கள் கண்ணில் படும்படி திறந்திருக்க வேண்டும். பெண் ஊளை இரண்டு தடவை, ஒலி குறைவாக. பதில் வந்தாலும் வராவிட்டாலும் 45 நிமிடம் சும்மா இருங்கள்.

அப்புறம், டெக்சஸில் கயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது, ஒலிக்கருவிக்கும் அனுமதி உண்டு. வேறு மாநிலம் என்றால் அங்குள்ள விதியைப் பாருங்கள். நீங்கள் எச்1பி விசாவில் இருந்தால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஒலிக்கருவி வாங்கியாயிற்று. இந்த வாரமே உரிமத்தை எடுத்துவிடுங்கள்.