பியானோ இல்லாத ஜாஸ் ட்ரியோவில் பாதியிலேயே பிடி நழுவுவது ஏன்?

சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ராலின்ஸின் 'எ நைட் அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு மட்டும் இரண்டாவது நிமிடத்திலேயே எங்கே போகிறார்கள் என்று பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உங்கள் காது மேல் தப்பில்லை. இங்கே மூன்றே பேர்: டெனர் சாக்ஸஃபோன், பேஸ் (தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ் மட்டும்தான். பியானோ இல்லாததால் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எங்கே மாறுகிறது என்று காட்டிக்கொடுப்பது பேஸ். அதன் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வரவே வராது. பேஸ் போனால் சாக்ஸ் அந்தரத்தில் அலைவதுபோல்தான் கேட்கும். நல்ல ஹெட்போன் போடுங்கள், விலை உயர்ந்தது தேவையில்லை.

அடுத்து, முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'சன்னிமூன் ஃபார் டூ' போடுங்கள். அது 12 பார் ப்ளூஸ். பார் என்பது நம்ம ஆவர்த்தனம் மாதிரி, 12 பார் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒரு பாருக்கு நாலு அடி, ஒரு சுற்றுக்கு 48. மெட்டு நாலு பார்தான், மேலிருந்து கீழே இறங்கும், அதையே மூன்று தடவை வாசிப்பார். மெட்டு மாறாது, அதன் கீழே கார்டுதான் மாறும். ஆதார சுருதியை ச என்று வைத்துக்கொண்டால், 5-வது பாரில் பேஸ் பெரும்பாலும் சுத்த மத்யமத்துக்குப் போகும், 7-ல் ச, 9-ல் ப, 11-ல் மறுபடி வீடு, அதாவது ச. மெட்டை விட்டு மனோதர்மமாக வாசிக்கும் சோலோவிலும் இதே 12 பார்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த 5-வது பார் திருப்பம் காதில் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பலரும் கோட்டை விடுவது நாலு நாலு பாராக சாக்ஸும் டிரம்ஸும் மாற்றி வாசிக்கும் இடங்களில். 12-ல் மூன்று நாலு. அதனால் ஒரு சுற்று சாக்ஸ்–டிரம்ஸ்–சாக்ஸ் என்றால் அடுத்தது டிரம்ஸ்–சாக்ஸ்–டிரம்ஸ். ஒவ்வொரு சுற்றும் சாக்ஸில்தான் தொடங்கும் என்று எண்ணினால் நாலு பார் தள்ளிப்போய் நிற்பீர்கள். 32 பார் பாட்டுகளில் எட்டு நாலு, இரட்டைப்படை, அதனால் இந்தத் தொல்லை கிடையாது.

இந்த ஆல்பத்தின் டிரம்மர் எல்வின் ஜோன்ஸும் லேசில் விட மாட்டார். வழக்கமான டிரம்மர் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டைக் காலால் 2, 4-ம் அடிகளில் மூடுவார், அதைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். எல்வின் மூன்று மூன்றாக உருட்டி பாரின் எல்லையைத் தாண்டிப் போவார். பேஸ் வாசிக்கும் வில்பர் வேரும் எப்போதும் அடிக்கொரு சுரமாக நடக்க மாட்டார், இடைவெளி விடுவார். இதைக் குறை என்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள், எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அதுதான். தொடங்குபவருக்குக் கஷ்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

அதனால் அதற்கு முன், அதே ஆண்டு, 1957-ல், ஆனால் மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான ராலின்ஸின் இன்னொரு ட்ரியோ ஆல்பம் 'வே அவுட் வெஸ்ட்' கேளுங்கள். ரே பிரவுனின் பேஸ் அடிக்கு அடி தெளிவு. 'ஐம் ஆன் ஓல்ட் கவ்ஹேண்ட்' தொடக்கத்தில் டிரம்மர் ஷெல்லி மேன் குதிரைக் குளம்படியே வாசிக்கிறார். ஸ்டீரியோவில் சாக்ஸ் ஒரு பக்கம், பேஸும் டிரம்ஸும் மறுபக்கம். ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் பாதி ஆள் காணாமல் போய்விடும். வேன்கார்ட் பதிவு மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலி, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ட்ரியோ என்றாலே பியானோ ட்ரியோதானே என்று யாராவது கீழே எழுதுவார்கள். இருக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு எரிச்சல்: மாதக் காசு வாங்கும் இசைச் செயலிகள் பலவும் யார் வாசித்தது என்பதை ஏன் எளிதில் கண்ணில் படாமல் வைக்கின்றன? 1957 நவம்பர் 3 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் ராலின்ஸோடு இரண்டு ட்ரியோக்கள் வாசித்தன. மூல எல்பி இசைத்தட்டின் ஆறு பாட்டில் 'எ நைட் இன் துனீசியா' மட்டும் மதியக் காட்சி. பேஸ் டொனால்ட் பெய்லி, டிரம்ஸ் 19 வயது பீட் லா ரோகா. மற்ற ஐந்தும் இரவு, வேரும் எல்வினும். செயலியில் மேலோட்டமாகப் பார்த்தால் ராலின்ஸ் பெயர்தான் கண்ணில் படும். அந்த ஒரு பாட்டில் எல்வினைத் தேடாதீர்கள்.